ஏழாம் எண் யாருக்கு?

1992-ஆம் ஆண்டு வாக்கில் வீட்டுக் கணினிக்கு ஒரு சவுண்டு கார்டு வாங்கியவர், வீடு திரும்பியதும் முதலில் தேடியது ஸ்க்ரூ டிரைவரை. பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டும். காலி ஸ்லாட்டில் கார்டைச் சொருகுவதற்கு முன், அதன் மேல் வரிசையாக நிற்கும் குட்டி ஊசிகளையும் அவற்றுக்குத் தொப்பி போல் மாட்டியிருக்கும் ஜம்பர்களையும் பார்க்க வேண்டும். எந்த ஊசி ஜோடியில் ஜம்பர் இருக்கிறதோ அதைப் பொறுத்துக் கார்டின் எண் மாறும். மூடியைத் திரும்ப மாட்டிக் கணினியை இயக்கி, விளையாட்டை நிறுவத் தொடங்கினால் திரையில் மூன்று கேள்விகள் வரும். போர்ட் முகவரி என்ன? ஐ.ஆர்.க்யூ. எண் என்ன? டி.எம்.ஏ. எண் என்ன?

220, 7, 1 என்று பதில் தர வேண்டும். ஐ.ஆர்.க்யூ. எண் தவறிப்போனால் பேச்சொலியின் முதல் துணுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். இல்லாவிட்டால் கணினி அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி ஸ்க்ரூ டிரைவர், மறுபடி ஜம்பர்.

அந்தக் கார்டில் எந்தப் பழுதும் இல்லை. கணினியும் நேற்றுவரை நன்றாக ஓடியதுதான். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய உடன்பாடு மட்டும் அமையவில்லை. பழைய கணினியில் புதிய மென்பொருளைப் போட்டுத் தவித்தவர்களின் கதை கடந்த நாற்பது ஆண்டுகளாக இந்த உடன்பாட்டின் கதையாகவே இருந்து வருகிறது. அதை எழுதியவர்கள், கட்டிக் காத்தவர்கள், கைவிட்டவர்கள் எல்லோருக்கும் பெயரும் ஆண்டும் உண்டு.

அந்த எண்களின் பூர்வீகம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள போக்கா ராட்டன் என்ற கடலோர ஊர். ஐபிஎம் நிறுவனத்தின் சிறு குழு ஒன்று அங்கே உருவாக்கிய பிசி, 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகமானது. இன்டெல் 8088 சிப், 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம், கூடுதல் கார்டுகளுக்கு ஐந்து ஸ்லாட்டுகள். மிக எளிய மாடலின் விலை 1,565 டாலர். அதில் இருந்த நினைவகம் 16 கிலோபைட்.

விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் அது சிப்புக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனிக் கம்பி உண்டு. கம்பியில் சைகை வந்ததும் சிப் தன் வேலையை நிறுத்திவிட்டு, கூப்பிட்டது யார் என்று பார்க்கும். வாசல் மணியை அடிப்பது போலத்தான். ஐபிஎம் பிசியில் இப்படி எட்டு மணிகள் இருந்தன. விளையாட்டு கேட்ட ஐ.ஆர்.க்யூ. எண் இந்த மணியின் எண்தான். 0 உள்கடிகாரத்துக்கு, 1 விசைப்பலகைக்கு, 3-உம் 4-உம் இரண்டு சீரியல் போர்ட்டுகளுக்கு, 6 பிளாப்பிக்கு, 7 பிரிண்டருக்கு. எக்ஸ்டி மாடல் வந்தபோது 5-ஆம் எண்ணை ஹார்டு டிஸ்க் எடுத்துக்கொண்டது. 1984-இல் வந்த ஏடி மாடலில் இரண்டாவதாக ஒரு சிப்பைச் சேர்த்து மணிகளின் எண்ணிக்கையை 15 ஆக்கினார்கள். ஹார்டு டிஸ்க் 14-ஆம் எண்ணுக்குக் குடிபெயர, 5 காலியானது.

எட்டு மணிகள் 1981-இல் தாராளம். மவுஸ், மோடம், சவுண்டு கார்டு, ஸ்கேனர், சிடி டிரைவ், நெட்வொர்க் கார்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது 15 கூடப் போதவில்லை. அந்தக் காலத்து ஸ்லாட்டுகளின் மின் அமைப்பில் இரண்டு கார்டுகள் ஒரே மணியைப் பகிர்ந்துகொள்வது நடைமுறையில் முடியாத காரியம். மூன்றாவது சீரியல் போர்ட் வந்தபோது அதற்கெனப் புது எண் ஒதுக்கப்படவில்லை. முதல் போர்ட்டின் 4-ஆம் எண்ணையே அதுவும் எடுத்துக்கொண்டது. விளைவு, முதல் போர்ட்டில் மவுஸும் மூன்றாவது போர்ட்டில் மோடமும் வைத்திருந்தவர் தொலைபேசி இணைப்பைப் போட்டதும் மவுஸ் அசையாமல் நின்றது. மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது மவுஸ் வாங்கினாலும் அதே கதைதான்.

ஏழாம் எண்ணில் நடந்தது இன்னும் நுட்பமானது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டு, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 7-ஆம் எண்ணில் அமைக்கப்பட்டிருந்தது. அது பிரிண்டரின் எண். ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் இரண்டும் சண்டையில்லாமல் வாழ்ந்தன. காரணம், எம்எஸ்-டாஸ் பிரிண்டரின் மணிக்காகக் காத்திருப்பதில்லை. அடுத்த எழுத்தை அனுப்பலாமா என்று தானே போய்ப் போய்ப் பார்த்துக்கொள்ளும். 7-ஆம் எண் பெயருக்குத்தான் பிரிண்டருடையது. அனுபவித்தது சவுண்டு கார்டு.

1992-இல் ஐபிஎம் தன் ஓஎஸ்/2 இயங்குதளத்தின் 2.0 பதிப்பை வெளியிட்டது. ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் அந்த மென்பொருள், விதிப்படி பிரிண்டரின் மணியை எதிர்பார்த்தது. அதே கணினி, அதே பிரிண்டர், அதே கார்டு. இயங்குதளம் மட்டும் புதிது. அச்சு நின்றுபோனது. பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட விதி ஒன்றை ஒரு மென்பொருள் மதித்ததுதான் குற்றம். அதே ஆண்டு வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டு, ஏடி மாடல் காலி செய்துவைத்திருந்த 5-ஆம் எண்ணில் போய் உட்கார்ந்தது.

எந்தக் கருவியும் எந்தக் கணினியோடும் சேர வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கே வயது அதிகமில்லை. 1960-களின் தொடக்கம்வரை, ஒரு கணினிக்கு எழுதிய நிரல் அதே நிறுவனத்தின் அடுத்த கணினியில் பெரும்பாலும் ஓடாது. புதியதை வாங்கினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். 1964 ஏப்ரலில் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசைதான் அதை மாற்றியது. சிறியதும் பெரியதுமாகப் பல மாடல்கள், ஆனால் ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதிலும் ஓடும். மென்பொருளின் ஆயுளைக் கணினியின் ஆயுளிலிருந்து பிரித்த முடிவு அது.

பிசி விஷயத்தில் ஐபிஎம் இன்னொரு படி போனது. கணினியின் மின்சுற்று வரைபடங்களையும், இயங்குதளத்துக்கு அடித்தளமாக இருக்கும் பயாஸ் நிரலையும் புத்தகமாகவே அச்சிட்டு விற்றது. கார்டு செய்பவர்களுக்கு அது வரம். நகல் செய்பவர்களுக்கோ ஒரு தடை இருந்தது: பயாஸ் நிரல் பதிப்புரிமைக்கு உட்பட்டது. டெக்சஸைச் சேர்ந்த காம்பாக் நிறுவனம் 1982-இல் தொடங்கப்பட்டு, அந்த நிரலைப் பார்த்தவர்களை எழுதும் வேலைக்குள் விடாமல், செயல்பாட்டு விவரத்தை மட்டும் வைத்துத் தன் பயாஸைப் புதிதாக எழுதியது. முதல் ஆண்டிலேயே 53,000 கணினிகள் விற்றன. ஒரு நகல் கணினி உண்மையிலேயே ஒத்துப்போகிறதா என்று பார்க்க அக்காலத்துப் பத்திரிகையாளர்கள் இரண்டு மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தார்கள்: லோட்டஸ் 1-2-3 கணக்கு அட்டவணை, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாட்டு. இரண்டுமே இயங்குதளத்தைத் தாண்டி நேரடியாகக் கருவிகளோடு பேசுபவை. சின்ன வித்தியாசம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் அசெம்பிள் கணினி என்ற ஒன்று பிறந்தது. வானொலி உதிரி பாகங்களுக்குப் பெயர்போன சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் மதர்போர்டு, அடுத்த கடையில் ரேம், எதிர்க்கடையில் கேபினட் என்று வாங்கி ஒரு முழுக் கணினியைப் பூட்ட முடிந்தது, அவற்றைச் செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஒரே விதிகளைப் பின்பற்றியதால்தான். அந்தத் தெருவில் வாங்கியவர்களுக்கு நிறுவனத்தின் உத்தரவாத மையம் கிடையாது. கார்டோடு பேசும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் இருந்த பிளாப்பி தொலைந்தால் கார்டே தொலைந்த மாதிரி.

இந்தத் திறந்த கதவை மூட ஐபிஎம்மே முயன்றது. 1987 ஏப்ரலில் வந்த பிஎஸ்/2 வரிசையில் மைக்ரோ சேனல் என்ற புது வகை ஸ்லாட். தொழில்நுட்பத்தில் அது நிச்சயம் மேலானது: ஜம்பர் தேவையில்லை, மணிகளைப் பகிரலாம். ஆனால் பழைய கார்டு எதுவும் அதில் நுழையாது. நகலெடுக்க விரும்பும் நிறுவனம் உரிமத் தொகை கட்ட வேண்டும். 1988-இல் காம்பாக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து, பழைய கார்டுகளையும் ஏற்கும் ஈசா என்ற போட்டி ஸ்லாட்டை அறிவித்தன. வாங்குபவர்கள் கையிலிருந்த கார்டுகளின் பக்கம் நின்றார்கள். மைக்ரோ சேனல் பரவவே இல்லை.

பழையதைக் கைவிடாததற்கு விலையும் இருந்தது. முதல் பிசியின் சிப்பால் ஒரு மெகாபைட்டுக்கு மேல் பார்க்க முடியாது; அதில் நிரல்களுக்குக் கிடைத்தது 640 கிலோபைட். பின்னால் வந்த கணினிகளில் நான்கு, எட்டு மெகாபைட் நினைவகம் இருந்தும், டாஸ் நிரல்கள் அந்த 640-க்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டன. சிடி டிரைவுக்கு ஒரு டிரைவர், மவுஸுக்கு ஒன்று, சவுண்டு கார்டுக்கு ஒன்று என்று ஏற்றியதும், விளையாட்டு தொடங்க இடம் போதாது. எந்த டிரைவரை எந்த வரிசையில் ஏற்றினால் இன்னும் சில கிலோபைட் மிஞ்சும் என்று ‘கான்ஃபிக்.சிஸ்’ கோப்பைத் திருத்தித் திருத்தி ஒரு தலைமுறையே இரவுகளைக் கழித்தது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தனி பூட் பிளாப்பி வைத்திருந்தவர்கள் ஏராளம்.

1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95, இந்த வேதனைக்கு முடிவு கட்டுவதாக வாக்களித்தது. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் மற்றவர்களும் வகுத்த ‘பிளக் அண்ட் பிளே’ விதிகளின்படி கார்டுகள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும். எண்களை இயங்குதளமே பங்கிட்டுத் தரும். புதிய கார்டுகளில் அது ஓரளவு நடந்தது. ஜம்பர் வைத்த பழைய கார்டு ஒன்று நடுவில் இருந்தால் பங்கீடு குலைந்தது. ‘பிளக் அண்ட் பிரே’, அதாவது சொருகிவிட்டுச் சாமியைக் கும்பிடு என்று பயனர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ நகரக் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் அருகே நிற்க, மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் விண்டோஸ் 98-இன் அருமையைக் காட்ட ஒரு ஸ்கேனரைக் கணினியில் சொருகினார். திரை நீலமானது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலும் என்று கேட்ஸ் சொல்ல, அரங்கம் சிரித்தது.

ஆனால் அதே மைக்ரோசாஃப்டின் பொறியாளர்கள் பழைய மென்பொருளுக்காகச் செய்த உழைப்பு அதிகம் பேசப்படாதது. சிம்சிட்டி என்ற நகரமைப்பு விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை அது மறுபடி படித்தது. பழைய விண்டோஸில் அந்த இடம் கலையாமல் கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. விண்டோஸ் 95 சோதனையின்போது விளையாட்டு விழுந்தது. பிழை அடுத்தவருடையது என்று கைகழுவாமல், ஓடுவது சிம்சிட்டிதானா என்று கண்டறிந்து, ஆம் என்றால் நினைவகத்தை உடனே விடுவிக்காத தனி ஏற்பாட்டை இயங்குதளத்துக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். வாங்கியவர் குற்றம் சொல்லப்போவது புதிய விண்டோஸைத்தான் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பொறுப்புணர்வு எல்லா இடத்திலும் இருந்திருந்தால் குப்பைக்குப் போன பல கருவிகள் போயிருக்காது.

கம்பிகளின் சிக்கலை உண்மையில் தீர்த்தது யுஎஸ்பி. 1996 ஜனவரியில் அதன் முதல் விதிமுறை வெளியானது. இன்டெலில் அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் பரோடாவில் படித்த அஜய் பட். வீட்டில் குழந்தையின் பள்ளி வேலையை அச்சிடக் குடும்பத்தார் பட்ட பாடு தன்னை யோசிக்க வைத்தது என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்தார். மணி எண் கேட்கும் திரை மெல்ல மறைந்தது.

சிக்கல் மறையவில்லை. கம்பியிலிருந்து டிரைவருக்கு இடம் மாறியது. கருவியோடு எப்படிப் பேசுவது என்ற அறிவு முழுவதும் அந்தச் சிறு மென்பொருளுக்குள் இருக்கிறது. அதன் மூல நிரலோ நிறுவனத்தின் பெட்டகத்தில். இதன் வலியை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் தாள் சிக்கினால் பயனருக்குத் தகவல் வராது. முந்தைய பிரிண்டரில் அந்த வசதியை அவர் தானே நிரலைத் திருத்திச் சேர்த்திருந்தார். இதிலும் சேர்க்க மூல நிரலைக் கேட்டபோது மறுக்கப்பட்டது. 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருந்தது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கணினியில் எழுதிவந்த இயங்குதளத்தை அறிவித்தபோது, தன்னிடம் இருக்கும் ஏடி வகை ஹார்டு டிஸ்கைத் தவிர வேறெதிலும் அது ஒருபோதும் ஓடாமல் போகலாம் என்றே எழுதினார். லினக்ஸ் என்று பெயர்பெற்ற அந்த இயங்குதளத்தைப் பழைய கணினியில் நிறுவ முயன்றவர்கள் முட்டிக்கொண்ட சுவரும் டிரைவர்தான். 1990-களின் பிற்பகுதியில் வந்த மலிவு மோடம்கள் தங்கள் வேலையில் பாதியை விண்டோஸ் டிரைவரிடம் விட்டுவிட்டன. லினக்ஸில் அவை வெறும் தகடு. இணையத்தில் டிரைவர் கிடைக்கும், ஆனால் இணையத்துக்குப் போக அந்த மோடம் வேண்டும்.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு சுவர் இருந்தது. விண்டோஸ் 95, 98 இரண்டுக்கும் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் இஷ்டப்படி தமிழை உட்கார வைத்தது. ஒருவர் தட்டச்சு செய்த கடிதம் அதே எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாக வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளையும் ஒரு விசைப்பலகையையும் ஏற்றது. இணையத் தமிழர்களிடையே டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு புழங்கியது. யூனிகோடு தமிழை லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000 கொண்டுவந்தபோதும், 98-இலேயே இருந்தவர்கள் கூடுதல் கோப்புகளைத் தேடிப் போடாதவரை தமிழ்ப் பக்கங்களைப் பெட்டி பெட்டியாகத்தான் பார்த்தார்கள். கணினியின் வேகத்துக்கு என்ன குறை? மொழி மட்டும் அதற்குள் நுழையவில்லை.

2007 ஜனவரி 30 அன்று கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, திரைக்காட்சிக்கான டிரைவர் முறையை அடியோடு மாற்றியது. முந்தைய ஆண்டே ‘விஸ்டாவுக்குத் தகுதியானது’ என்ற ஸ்டிக்கரோடு பல கணினிகள் விற்கப்பட்டிருந்தன. அவற்றில் இன்டெல் 915 சிப் இருந்தவற்றால் விஸ்டாவின் புதிய தோற்றத்தைக் காட்டவே முடியாது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2008-இல் வெளியான உள் மின்னஞ்சல்களில், மைக்ரோசாஃப்டின் துணைத் தலைவர் ஒருவரே தான் 2,100 டாலருக்கு வாங்கிய மடிக்கணினி மின்னஞ்சல் பார்க்க மட்டும்தான் பயன்படுகிறது என்று புலம்பியிருந்தார். 2007-இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் சுமார் 29 சதவீதம் என்விடியாவின் டிரைவர்களால் நேர்ந்தவை என்றும் அந்த ஆவணங்கள் காட்டின. வழக்கின் கூட்டு மனுத் தகுதி 2009-இல் நீக்கப்பட்டது. பழைய ஸ்கேனர், பிரிண்டர் பலவற்றுக்கு நிறுவனங்கள் புது டிரைவர் எழுதவே இல்லை. எட் ஹாம்ரிக் என்ற நிரலாளர் 1998-இல் தொடங்கிய வ்யூஸ்கேன் மென்பொருள், அப்படிக் கைவிடப்பட்ட ஸ்கேனர்கள் ஆயிரக்கணக்கானவற்றை இன்றுவரை பேச வைத்துக்கொண்டிருக்கிறது. செய்தவர்களே முடியாது என்று விட்டதை ஒரு சிறு குடும்பத் தொழில் முடித்துக் காட்டியிருக்கிறது.

2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும், பெரும்பாலும் 2017-க்குப் பிந்தைய சிப்களையும் கட்டாயமாக்கியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. புதியதற்கு மாற முடியாமல் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது. பாதுகாப்புக்கான காரணம் உண்மையானதே. ஆனாலும் எட்டு ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள ஒரு மடிக்கணினியை அதன் உடலில் எந்தக் கோளாறும் இல்லாமல் தூக்கிப்போடச் சொல்வது பெரிய அநியாயம். 2022-இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் கால்பங்குக்கும் குறைவு.

லினக்ஸ் உலகமும் எல்லாவற்றையும் சுமக்கவில்லை. டோர்வால்ட்ஸ் தன் முதல் நிரலை எழுதிய அதே 386 வகைச் சிப்புக்கான ஆதரவு 2013 பிப்ரவரியில் வெளியான 3.8 பதிப்போடு நீக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் தொகுப்பு, 32-பிட் கணினிகளில் நிறுவும் வசதியை விட்டது. ஆனால் அங்கே முடிவு எடுக்கப்பட்ட காரணம் எல்லோர் கண்முன்னும் விவாதிக்கப்படுகிறது. பழைய நிரலும் யாரும் எடுத்துப் பராமரிக்கும்படி திறந்தே கிடக்கிறது.

ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-இல் நாப்பிக்ஸ் என்ற சிடியை வெளியிட்ட பிறகு ஒரு வழக்கம் பரவலானது. ஹார்டு டிஸ்கைத் தொடாமல் சிடியிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்ப்பது. நிறுவிவிட்டுத் தவிப்பதற்கு முன்பே, கணினியும் மென்பொருளும் ஒத்துப்போகின்றனவா என்று தெரிந்துவிடும். இன்று அதே வேலையைப் பென் டிரைவ் செய்கிறது. விண்டோஸ் 11 ஏற்காத பத்து வயது மடிக்கணினியில் அதைச் சொருகி இயக்குபவர், டச்பேடைத் தடவிப் பார்க்கிறார். மூடியை மூடித் திறந்து தூங்கி எழுகிறதா என்று பார்க்கிறார். ஒரு பாட்டை ஓடவிடுகிறார். எந்த எண்ணும் கேட்காமல் ஒலி வருகிறது. வைஃபை பட்டியல் மட்டும் காலியாக இருக்கிறது, அந்தச் சிப்புக்கான கோப்பு பென் டிரைவில் இல்லை. அவர் செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தின் வழியே கோப்பை இறக்கத் தொடங்குகிறார்.